மகளின் சைக்கிளில் பழகிய காலைகள்

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு மருத்துவ முகாம் வைத்தார்கள். என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த டாக்டர், மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிரஷர் அதிகமாக இருக்கிறது என்றார். தினம் அரைமணி நேரம் நடக்க வேண்டும், சைக்கிள் ஓட்டினால் இன்னும் நல்லது என்றார். “ஓட்டத் தெரியும் இல்ல?” என்று கேட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் மற்ற டீச்சர்கள் நின்றிருந்தார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொன்பது வயதுவரை நான் சைக்கிளில் ஏறியதே இல்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். கேலிக்காகச் சிரிக்கவில்லை, உண்மையாகவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நீ பாடம் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் இருக்கிற தெரு, பார்த்தால் என்ன நினைப்பார்கள், பேசாமல் நடந்துவிட்டு வா என்றார். சரி என்றேன். ஆனால் மனசுக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. கற்றுக்கொண்டு, ஒருநாள் அவர் வாசலில் நிற்கும்போது அவரைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் இருந்த ஒரே சைக்கிள் மகளுடையது. ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது வாங்கிக் கொடுத்தது. மெரூன் நிறம், முன்னால் கம்பிக்கூடை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைத்து, கம்பிகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவாள். அவளிடம் கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பாள். கேட்டால் அவள் அப்பாவிடம் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அதனால் கேட்காமலே எடுத்தேன். விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவள் நான்தான். மற்ற இருவரும் ஆறரைக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார்கள். சைக்கிளைச் சத்தமில்லாமல் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனேன்.

சேலையூரில் எங்கள் காலனியைத் தாண்டி ஏரிக்குப் போகிற வழியில் பால் பூத் இருந்தது. அதை நடத்தியவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்த ஊரின் பழைய குடும்பம். எங்கள் காலனி நின்ற இடம் முழுவதும் ஒரு காலத்தில் அவருடைய மாமனாரும் பங்காளிகளும் நெல் போட்ட நிலம். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய கடைசிப் பெண் என் மகளுடன் ஒரே வகுப்பில் படித்தாள். இரண்டு பேரும் இணைபிரியாத சிநேகிதிகள்.

நான் மூன்று நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், தள்ளிக்கொண்டே திரும்பி வந்ததை அந்த அக்கா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாலாம் நாள், “இன்னா டீச்சர், டெய்லி அத்தெ வாக்கிங் கூட்டிகினு போறியா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். யாருக்கும் தெரியக்கூடாது, உங்கள் பெண்ணுக்குக்கூட, என்று கேட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் தலையை ஆட்டினார். தன் கணவரைப் பூத்தில் உட்கார வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, சைக்கிளின் கேரியரைப் பிடித்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் அப்படிப் பிடித்துக்கொண்டு ஓடினார். என்னுடையது கனத்த உடம்பு. வளைந்து வளைந்து போவேன். ஒருமுறை எருமை ஒன்று குறுக்கே வந்தபோது பிரேக்கை மறந்துவிட்டு, போ போ என்று அதனிடம் கெஞ்சினேன். அக்கா மூச்சு வாங்க ஓடி வந்து எருமையையும் விரட்டி, என்னையும் நிறுத்தினார். “கீழ பாக்காத டீச்சர், நேரா பாரு. நான் புட்ச்சிகினு கீறேன்” என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒருநாள் அந்தக் குரல் தூரத்திலிருந்து கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. புளியமரம்வரை நானே ஓட்டிக்கொண்டு போனேன். இறங்கத் தெரியாமல் வேலியில் சாய்ந்து நின்றேன். அவர் அங்கிருந்தே கைதட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு எனக்காக யாரும் கைதட்டியதாக ஞாபகம் இல்லை.

இரண்டு நாள் கழித்து விழுந்தேன். புடவையின் கீழ்ப்பக்கம் செயினில் மாட்டிக்கொண்டது. சைக்கிள் சாய்ந்து, முன்சக்கரம் ஜல்லிக்குவியலில் மோதியது. அக்காதான் ஓடிவந்து, சிக்கிய துணியைக் கிழித்து என்னை விடுவித்தார். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சைக்கிளைத் தூக்கி நிறுத்திப் பார்த்தால் முன்சக்கரம் கோணிப்போயிருந்தது. கூடை ஒருபக்கமாக நசுங்கியிருந்தது. “பொண்ணாண்ட சொல்லிடு டீச்சர். ஒண்ணும் சொல்லாது” என்றார் அக்கா. இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தேன். கிழிந்த புடவையைச் சுருட்டி அலமாரிக்கு அடியில் தள்ளினேன். காபி போட்டதும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு டிபன் கட்டியதும் சொல்லலாம் என்று. ஏழரைக்கு எனக்குப் பஸ். சொல்லாமலே கிளம்பிவிட்டேன். அன்று முழுவதும் பிள்ளைகளுக்கு டிக்டேஷன் கொடுத்துக்கொண்டே, சாயங்காலம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மகள் அழுதுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்வருகிறவள், சாயங்காலம் ஓட்ட எடுத்தபோதுதான் சைக்கிளைப் பார்த்திருக்கிறாள். கணவர் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். கடைசியாக யாரிடம் கொடுத்தாய் என்று அவர் கேட்டிருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் பால் பூத் அக்காவின் பெண் ஒரு ரவுண்டு வாங்கி ஓட்டியிருக்கிறாள். வந்து வைக்கும்போது நன்றாகத்தான் இருந்தது என்று மகள் சொல்கிறாள், ஆனால் அவளுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுடன் இனிமேல் சேரவேண்டாம் என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “நீ என்ன சொல்ற?” என்றார்.

செருப்பைக்கூட நான் இன்னும் கழற்றவில்லை.

“பார்த்துக் குடுத்திருக்கணும்” என்றேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட இத்தனை வருஷம் இது என்னை அறுத்திருக்காது. கேட்ட கேள்விக்கு, முகம் மாறாமல், ஒரு அம்மா சொல்வதுபோல அதைச் சொன்னேன்.

மறுநாள் மகள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணைக் கேட்டிருக்கிறாள். நான் உடைக்கவில்லை என்று அவள் சொல்ல, பொய் சொல்லாதே என்று இவள் கத்தியிருக்கிறாள். இதை மகளே வந்து என்னிடம் சொன்னாள், தான் செய்தது சரிதானே என்று கேட்கிற மாதிரி. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

முட்டி வலிக்கிறது, பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொல்லி நாலு நாள் பால் வாங்கக் கணவரை அனுப்பினேன். ஐந்தாம் நாள் அவருக்கு ஆபீஸில் சீக்கிரம் போக வேண்டியிருந்தது. நானே போனேன். அக்கா பாக்கெட்டுகளை எடுத்து என் பையில் போட்டார். எப்போதும் சில்லென்று இருக்கும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஆள் இல்லாதபோது மெதுவாகப் பேசினார்.

“எம்பொண்ணு அழுதுகினு வந்துச்சு டீச்சர். நீ ஒடச்சியான்னு நானே அத்தெ கேட்டேன், ஒண்ணும் தெரியாதவ மாதிரி. எனுக்குத் தெரியாதா இன்னா?”

பால் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினேன்.

“யாராண்டயும் சொல்ல மாட்டேன்னு ஒன்கிட்ட சொல்லிட்டேன். அதான் வாயத் தொறக்கல. நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருக்கேன்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்குக் கொடுத்த வாக்குக்காகத் தன் பெண்ணைத் தலைகுனிய விட்டிருக்கிறார். நான் அந்த வாக்கை ஐந்து நாள் வாங்கி வைத்துக்கொண்டு, முட்டிவலி என்று வீட்டுக்குள் இருந்திருக்கிறேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். கணவர் முதலில் நம்பவில்லை. கிழிந்த புடவையைக் கொண்டுவந்து காட்டினேன். செயின் மசி கறுப்பாக அப்பியிருந்தது. அவர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். தான் சிரித்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மகள் புடவையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“அப்புறம் ஏம்மா பார்த்துக் குடுத்திருக்கணும்னு சொன்னே?”

பயந்துவிட்டேன் என்றேன்.

மறுநாள் நானும் மகளும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடைத்தது நான்தான், உன்னை எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்க வைத்துவிட்டேன் என்றேன். அவள் “பரவால்ல ஆன்ட்டி” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. என் மகள் அவள் கையைப் பிடித்தாள், அவள் உதறவில்லை. அக்கா உள்ளே போய் டீ கொண்டுவந்து கொடுத்தார். திரும்பி வரும்போது மகளிடம், வகுப்பிலும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடு என்றேன். மறுநாளே சொன்னாள். இரண்டு பேரும் மறுபடி பேசத் தொடங்கினார்கள், ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் சக்கரத்தைச் சரிசெய்துவந்த பிறகு, என் மகள் எத்தனை முறை கொடுத்தும் அந்தப் பெண் சைக்கிளைத் தொடவில்லை. வேண்டாம்டி, நீ ஓட்டு என்றுதான் சொல்வாளாம்.

ஒரு மாதம் கழித்து மகளே சைக்கிளை என்னிடம் கொடுத்து, கற்றுக்கொண்டதை விட்டுவிடாதே என்றாள். அவளுடைய பழைய சுடிதார் பேன்ட் ஒன்றைப் பிரித்துத் தைத்து, புடவைக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மறுபடி ஏறினேன். இந்தமுறை யாரும் கேரியரைப் பிடிக்கவில்லை. அக்கா பூத்திலேயே உட்கார்ந்திருந்தார். தாண்டிப்போகும்போது சிரிப்பார், பாலை எடுத்து வைத்திருப்பார், ஆனால் எழுந்து வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ராஜகீழ்ப்பாக்கம்வரை, அப்புறம் செம்பாக்கம் ஏரிவரை, மழைக்காலம் முடிந்தபோது மேடவாக்கம் கூட்டு ரோடுவரை ஓட்டினேன். கணவர் வாசலில் நிற்கும்போதே அவரைத் தாண்டிப் போனேன். நினைத்திருந்த மாதிரி அதில் பெருமை எதுவும் வரவில்லை. பார்த்துப் போ என்றார் அவர்.

அடுத்த வருஷ முகாமில் அதே டாக்டர்தான் வந்தார். பிரஷர் இறங்கியிருந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்களிடம், டீச்சரைப் பாருங்கள், இவரைப்போல எல்லோரும் சைக்கிள் ஓட்டவேண்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளவேண்டும் போலிருந்தது.

மகள் என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதைப்பற்றி அவள் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் காலேஜ் முடிக்கும்வரை ஒரு பழக்கம் அவளிடம் இருந்தது. வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தாலும், ஒரு சாமான் காணாமல் போனாலும், யார் என்ன என்று அவள் கேட்கமாட்டாள். முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு நொடிதான். பிறகு குனிந்து, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பிப்பாள்.