நசாரியா மூடிவிட்டு வந்த மணல்

கொலம்பியாவின் மக்தலேனா ஆற்றங்கரையில் ஆமை முட்டை எடுப்பதில் நசாரியாவை மிஞ்ச ஆள் கிடையாது. குச்சியால் மணல் திட்டைக் குத்திக்கொண்டே போவாள். சட்டென்று குச்சி இறங்கினால் அடியில் முட்டை. திட்டுக்கு என் படகில்தான் வருவாள்.

"ஆமைக்கெல்லாம் நீதான் பிரசவம் பார்க்கிறியா?" என்பேன்.

"உன் பொண்டாட்டிக்கும் பார்க்கிறேன், முதல்ல ஒருத்தி கிடைக்கட்டும்" என்பாள்.

துப்பாக்கிக்காரர்கள் ஊரை ஆண்ட காலம் அது. ஆற்றில் பிணத்தைப் பார்த்தால் தொடக்கூடாது, தொட்டவனும் கூடவே போவான் என்று சொல்லியிருந்தார்கள். புனித வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நசாரியாவின் பக்கத்து வீட்டுக்காரி எதெல்மிராவின் மகன் லிபார்தோ மீன்பிடிக்கப் போனான். திரும்பவில்லை.

நாலு நாள் கழித்துத் திட்டுக்குப் போனோம். நான் கரையில் படகோடு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெறுங்கூடையோடு வந்தாள் நசாரியா.

"முட்டை இல்ல. போகலாம்."

அதற்குப் பிறகு அவள் மணலில் கால் வைக்கவேயில்லை. சந்தையில் கட்டிப்போட்ட ஆமைகளைக் கண்டால் வேறு தெருவில் நடப்பாள். "கழுத்தைப் பக்கமா மடிச்சு ஓட்டுக்கடியில வச்சுக்கிட்டு, ஒத்தக் கண்ணால பார்க்குது. அன்னைக்கும் ஒண்ணு இப்படித்தான் பார்த்துச்சு" என்று ஒருமுறை சொன்னாள். எதைப் பார்த்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

எதெல்மிரா வெள்ளிதோறும் துறையில் நின்று படகுக்காரர்களிடம் மகனை விசாரிப்பாள். பதினோரு வருஷம் விசாரித்தாள்.

துப்பாக்கிக்காரர்கள் போன பிறகு ஒரு மத்தியானம் நசாரியா என்னைக் கூப்பிட்டாள். "கூட வா. தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்."

நாங்கள் போனபோது எதெல்மிரா வாசலில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, லிபார்தோவை நான் பார்த்தேன். முட்டைக்குத் தோண்டினேன், சட்டை தெரிஞ்சுது. மூடிட்டு வந்துட்டேன்."

"எப்போ?"

"அந்த வாரமே."

கத்தி தரையில் விழுந்தது. "பதினோரு வருஷமா என் வீட்டுச் சோத்தைத் தின்னியேடி!"

"கொன்னுடுவாங்கன்னு பயந்துட்டேன்க்கா."

"நான் தினம் செத்தது உனக்குத் தெரியலையா?"

எதெல்மிரா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "படகை எடு."

மூவரும் போனோம். மூன்று வருஷத்துக்கு முன் வந்த வெள்ளம் அந்தத் திட்டையே தின்றிருந்தது. இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் ஓடியது. இன்ஜினை நிறுத்தினேன். எதெல்மிரா நீருக்குள் கையை விட்டு, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"முகத்து மேலயும் மணலைத் தள்ளினியா?"

"என் தலைத்துணியைப் போட்டு மூடிட்டுத்தான் தள்ளினேன்க்கா."

"அப்ப மணல் வாயில போயிருக்காது" என்றாள் எதெல்மிரா, தனக்குத்தானே.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் மகன் பெயரில் பூசை வைத்தாள். துறைக்கு வருவதையும் விட்டாள். நசாரியாவோடு அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நசாரியா ஆறே இல்லாத மலையூருக்குக் குடிபோனாள். போன மாதம் பார்க்கப் போனேன். முற்றம் முழுக்கச் சிமெண்ட் பூசியிருந்தாள். ஒரு பூச்செடிக்குக்கூட மண் விட்டுவைக்கவில்லை.

"வெயில் காலத்துல இது சுடாதா?" என்றேன்.

"சுடட்டும்" என்றாள்.