செவ்வாய்க்கிழமை வந்த வண்டி

பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் தொழில்முனைவோர் மன்றம் தொடங்கியிருக்கிறார்களாம். அதில் சேரப் பெற்றோர் ஒப்புதல், வகுப்பாசிரியர் பரிந்துரை, எல்லாம் இரண்டு பிரதிகள். விண்ணப்பத்தை என்னிடம் கொண்டுவந்தாள். போக்குவரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவள் நான். நிரப்பிக் கொடுத்தேன். கொடுத்த பிறகு வெகுநேரம் எரிச்சலாக இருந்தது. அவள் மேல் இல்லை. எட்டாம் வகுப்பில் ஒருவருடைய ஒப்புதலும் இல்லாமல் நானும் ஒரு தொழில் தொடங்கினேன். அதை மூடியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

சங்ககிரியில் என் தாய்மாமா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று வெளியூரிலிருந்து டிரங்க் கால் போனில் தகவல் வரும். அடுத்த லோடை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய, வந்த தகவலையெல்லாம் மாமா ஒரு கரும்பலகையில் எழுதிவைப்பார். எங்கள் வீடு ஆபீசுக்குப் பின்னால். பள்ளி விட்டதும் அந்தப் பலகைக்கு எதிரில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

எங்கள் தெருவில் பாதிக்கு மேல் டிரைவர் வீடுகள். நாக்பூர் போனவர் திரும்பப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். பெண்கள் ஆபீஸ் படியேறி விசாரிக்கக் கூடாது. எழுதப்படாத விதி, அதனால் யாராலும் தளர்த்த முடியாத விதி. குழாயடியில் என்னைப் பிடித்துக் கேட்பார்கள். கணவர் என்று வாயில் வராது. "எங்கூட்டு வண்டி எங்க நிக்குதுன்னு பாத்தயா சாமி?" என்பார்கள்.

முதலில் சும்மாதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வண்டி ஓசூர் தாண்டிவிட்டது என்று சொன்னதற்கு ஒருத்தி மகிழ்ந்துபோய் ஒரு முட்டை கொடுத்தாள். ஊரே கேட்கிற ஒரு பொருள் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாளிலிருந்து ஒரு தகவலுக்கு ஒரு முட்டை. முட்டைகளைக் கடைவீதி பேக்கரியில் கொடுத்துக் காசாக்குவேன். தனி நோட்டுப் போட்டு வண்டி எண், ஊர், தகவல் வந்த நேரம் எல்லாம் படியெடுத்தேன். எடுத்ததை இன்னொரு முறை பலகையோடு எண் எண்ணாக ஒத்துப்பார்ப்பேன். மேட்டுத் தெருவுக்கு வகுப்புத் தோழிகள் இருவரை நியமித்தேன். பெரியவளானதும் மாமாவின் நாற்காலியில் நான்தான் உட்காரப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசி வீட்டு அக்கா என் முதல் வாடிக்கையாளர்களில் ஒருத்தி. இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வீட்டு வண்டி துவரம்பருப்பு லோடை ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள செவ்வாய்ப்பேட்டையில் இறக்கிவிட்டுக் காலையிலேயே காலியாகிவிட்டது என்று பலகையில் இருந்தது. சொன்னேன். முட்டையும் வாங்கிக்கொண்டேன். அவள் கணவர் வீட்டுக்கு வந்தது வியாழக்கிழமை மாலை. நாக்பூரிலிருந்து நேராக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் அவரோடு இன்னும் நாலு டிரைவர்கள் நின்றார்கள். மாமா என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நான் பொய்யா சொன்னனுங்க மாமா?"

"பொய் சொல்லியிருந்தா உட்டுருவேன் சாமி. நெசத்தையல்லவா ஊடு ஊடாக் கொண்டுபோய் வித்திருக்கற."

நாலு பேரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "பொட்டப்புள்ளைக்கு நோட்டு எதுக்குங்க?" என்றார்.

மாமா நோட்டைக் கிழித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அன்று மாலை அப்பா என் கையைப் பிடித்து அந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். கட்டிலில் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா கதவோரம் நின்றாள். அவள் இடது கன்னம் வீங்கியிருந்தது. நான் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. சொன்னேன்.

"எண்ணத் தப்பாப் படிச்சுட்டனுங்க அக்கா. அது வேற வண்டிங்க."

ஒரு எண்ணைக்கூட நான் தப்பாகப் படித்ததில்லை. பணிக்காலம் முழுவதும் எத்தனையோ கோப்புகளில் கையெழுத்திட்டேன். தவறென்று தெரிந்தே நான் கொடுத்த வாக்குமூலம் அது ஒன்றுதான்.

மாதம் முடிவதற்குள் மாமா ஒரு புதிய பலகை வாங்கினார். தெருவைப் பார்த்து மாட்டினார். தலைப்பில், டிரைவர் குடும்பங்களுக்கு இலவசத் தகவல். ஊரே அவரைப் புகழ்ந்தது. உள்ளே இருக்கும் பலகையில் செவ்வாய் என்று இருந்தால் வெளியே வியாழன் என்று இருக்கும். எந்த டிரைவருக்கு எத்தனை நாள் தள்ளி எழுத வேண்டும் என்பதை அவரவர் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வசதிக்காகவே பக்கத்து ஆபீஸ்காரர்களின் டிரைவர்கள்கூட மாமாவிடம் லோடு கேட்டு வந்தார்கள். பலகையில் எழுதும் வேலை என் அண்ணனுக்கு. அவனுக்கு நாக்பூருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என் தொழிலைப் பிடுங்கி, அதில் கலப்படமும் செய்கிறார்கள். ஒரு நாள் குழாயடியில் அக்கா தனியாக இருந்தபோது போய் நின்றேன். வெளிப் பலகையில் இருப்பது பொய், உள்ளே இருப்பதை நான் சொல்கிறேன், இனிமேல் முட்டைகூட வேண்டாம் என்றேன்.

அவள் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

"வேண்டாம் சாமி. எனக்கு வெளிய எழுதறதே போதும்."

"அது பொய்யுங்க அக்கா."

"தெரியுங் கண்ணு. அன்னிக்கு நீ சொல்றதுக்கு மிந்தியே தெரியும். நீ சொன்னதாலதான் நான் அவரக் கேக்கும்படி ஆயிருச்சு."

குடம் நிறைந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

நல்ல சரக்கைச் சும்மா கொடுத்தும் வேண்டாம் என்கிறாளே, இவளைப் போல முட்டாள் உண்டா என்று நினைத்தேன். மாமாவோடு ஒரு வாரத்தில் பேசிவிட்டேன். அண்ணனோடு அன்றைக்கே. அந்த அக்காவோடு மட்டும் இரண்டு வருடம் பேசவில்லை. எதிரில் வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவேன். இருந்த கோபத்தையெல்லாம் கொண்டுபோய் அவள் ஒருத்தி மேல் வைத்திருந்தேன்.