புண்ணோடு நிற்காத கண்

டாக்டர் மரகதம் காலமாகிவிட்டார் என்று எனக்குச் சொன்னது செல்விதான். ராயப்பேட்டையில் அவருடைய தோல் சிகிச்சை கிளினிக் வாசலிலிருந்து போன் செய்தாள். "மேடம், டாக்டரம்மா போய்ட்டாங்க. கதவு சாத்திக் கீது." 

தேனாம்பேட்டையில் நான் நடத்தும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் பலருக்கு அவரைத் தெரியும். அங்கே வந்துகொண்டிருந்த செல்வியின் மகள் யாழினிக்கு அவர் செய்தது எல்லோருக்கும் தெரியாது.

அப்போது யாழினிக்கு நான்கு வயது. மூக்கைச் சுற்றியும் கால்களிலும் புண். அம்மை என்று நினைத்த செல்வி, மருந்து போடாமல் வேப்பிலை வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்ற நிலையில் ஒரு நாள் அழைத்து வந்துவிட்டாள். வாசலிலேயே மற்ற பெற்றோர் மறித்துக்கொண்டார்கள். "இந்தக் கொழந்த உள்ள வந்தா எங்க பசங்கள அனுப்ப மாட்டோம்." நான் டாக்டருக்குப் போன் செய்தேன்.

கிளினிக்குக்குப் போகும் வழியில் வந்தார். யாழினியை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். "இது அம்மை இல்லம்மா. தேன் உறைஞ்ச மாதிரி மஞ்சளா பொருக்கு தட்டியிருக்கு பாரு. பாக்டீரியாக் கிருமி. மருந்துல ஆறிடும்." வெதுவெதுப்பான நீரில் பொருக்கை ஊறவைத்துத் துடைக்க வேண்டும், நகம் வெட்ட வேண்டும், துண்டைத் தனியாக வைக்க வேண்டும் என்றார். எல்லோரும் பார்க்கச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். "ஒட்டற வியாதிதான். அதுக்காகக் குழந்தைய விரட்டாதீங்க."

சத்தம் அடங்கியது. ஆனால் அவர் கிளம்பவில்லை. யாழினியின் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகம் எப்பவும் இப்படி உப்பலா இருக்குமா?"

"ரெண்டு நாளாத்தான் இப்டி கீது."

"ஒண்ணுக்கு என்ன நிறத்துல போறா?"

செல்வி தயங்கினாள். "டிக்காஷன் மாறி போவுது டாக்டரம்மா. தண்ணி குடிக்காததுனாலன்னு நெனச்சேன்."

இந்தப் புண் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் என்று சொல்லிக்கொண்டே, இருவரையும் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே பார்த்தபோது ரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள்.

"நான்தானே கெடுத்துட்டேன்" என்று வார்டில் அழுத செல்வியின் பக்கத்தில் டாக்டர் போய் உட்கார்ந்தார். "கெடுக்கல. உனக்குத் தெரியல. இப்போ தெரியும், அவ்ளோதான்." யாழினி முழுதாகக் குணமானாள். இன்று பள்ளியில் கபடி ஆடுகிறாள்.

அவர் சொன்ன ஒரு வார்த்தையை நான் விடாமல் வைத்திருக்கிறேன். "ஒரு குழந்தைய வீட்டுக்கு அனுப்பறப்போ, எப்போ திரும்பி வரலாம்னு சேர்த்துச் சொல்லுங்க." போன வாரம் ஒரு குழந்தையின் உதட்டோரம் புண்ணைப் பார்த்தேன். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். மருந்து தொடங்கிப் புண் காய்ந்ததும் அழைத்து வாருங்கள், அவனுடைய இடம் இங்கேயே இருக்கும் என்றேன். முகம் இறுகி நின்றிருந்த அவன் அப்பா, "தேங்க்ஸ் மேடம்" என்றார். அந்த நன்றி எனக்குரியது அல்ல.