அரக்குச் சாயமும் அஞ்சு விரலும்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆவணி முகூர்த்தப் புடவைகளுக்கு நூல் வந்து குவிந்திருந்த நேரம் பார்த்து என் மனைவிக்கு வலி எடுத்தது. இரண்டாவது பிரசவம். குதிரை வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவளுடைய அக்கா துணைக்குப் போனார். வீட்டில் நாலு வயது மகளும் நானும்தான். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒன்றரை நாள் தாங்கியது.

சாய வேலையில் ஒரு சங்கடம் உண்டு. வளையமாகச் சுற்றிய நூல் கழிகளைக் குச்சியில் மாட்டிக் கொதிக்கிற அண்டாவில் தொங்கவிட்டால், நிறம் ஏறி முடியும்வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். அப்புறம் அந்த நூலை எந்தத் தறிக்காரரும் தொடமாட்டார். அன்று போட்டது அரக்கு, ஒரு கல்யாணப் பெண்ணின் கூறைப்புடவைக்கு.

மகளோ காலையிலிருந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட போலாம்பா, அம்மாகிட்ட போலாம்பா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் "இதோ ஆச்சும்மா" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். கடைசியில் அவள் இழுத்த இழுப்பில் என் கையிலிருந்த குச்சி நழுவி, கழி அப்படியே அண்டாவுக்குள் விழுந்தது. வந்ததே எனக்குக் கோபம். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். குழந்தை அடுப்புக்கிட்டே வந்துவிட்டாளே என்ற பயத்தில் அடித்ததாகப் பின்னால் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். நூலுக்காகத்தான் அடித்தேன்.

அவள் அழாமல் உள்ளே போனாள். விழுந்த கழியை மீட்டு, சிக்கெடுத்து, மறுபடி குச்சியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. தெருக்கதவு திறந்து கிடந்தது.

அண்டாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சட்டைகூடப் போடவில்லை. முதலில் கோயில் குளத்தைத்தான் போய் எட்டிப் பார்த்தேன். படிக்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை என்றார்கள். வெள்ளைக் கவுன் போட்ட பெண் குழந்தை, நாலு வயது என்று தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு போனேன். ஒரு சோடாக் கடைக்காரர்தான், "முதுகுல செவப்பா அஞ்சு வெரலும் பதிஞ்சிருந்துச்சே, அந்தப் பொண்ணா? தேரடிப் பக்கம் போய்க்கினு இருந்துச்சுபா" என்றார். சொல்லிவிட்டு, முழங்கைவரை அரக்காக இருந்த என் கையைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. சாயக்கையோடு அடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு நானும் அந்த அடையாளத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருந்தது. "கவுன் முதுகுல செவப்பா ஒரு கை அச்சு இருக்குங்க." கேட்ட எல்லோருமே முதலில் என் கையைப் பார்த்தார்கள், அப்புறம்தான் வழி காட்டினார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அந்த அச்சு இல்லாவிட்டால் அவளை யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

தேரடியில் குதிரை வண்டிகள் நிற்கிற இடத்தில் இருந்தாள். அம்மா குதிரை வண்டியில்தானே போனாள்? அதனால் அங்கே போய், அம்மாவிடம் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாள். ஒரு வண்டிக்காரர் அவளை வண்டியில் உட்காரவைத்து, கையில் ஒரு பொறை பிஸ்கட்டும் கொடுத்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைச் சும்மா விடவில்லை.

"யாரும்மா அடிச்சதுன்னு கேட்டுக்கினே இருக்கேன், கொயந்த வாயத் தொறக்கல. நீதானாபா?"

நான் வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அப்பா அடிக்கல. சாயம் பட்டுச்சு."

வண்டிக்காரர் என் முகத்தையே பார்த்தார். "இல்லைங்க, நான்தான் அடிச்சேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறி அவளை மடியில் வைத்துக்கொண்டேன். அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்றைய நூல் மொத்தமும் பாழ்.

அதற்கப்புறம் மூன்று பிள்ளைகளை வளர்த்தேன், பல வருஷம் சாயமும் போட்டேன். அடித்தது கூட ஒரு நொடிக் கோபம் என்று மனசை ஆற்றிக்கொள்ள முடிகிறது. நாலு வயதுக் குழந்தை எனக்காகச் சொன்ன பொய்க்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டதுதான் இன்றுவரை ஆறவில்லை.