குகையைத்தான் கொடுத்தான்

"கல்ல படிக்கப் போறியா? நம்மாளுக கல்ல ஒடைக்கப் பொறந்தவங்கடி," என்று மாமா சிரித்தார். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் ரோட்டுக்குக் கல் உடைத்த மனிதர். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான். தொல்லியல் படித்தவளும் நான்தான். பஸ் ஏறினேன்.

கண்டி மலைப்பக்கம், தெல்தெனியவுக்கு மேலே, காட்டுக்குள் இருந்தது நான் படிக்கப் போன குகை. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் பிக்குகள் தங்கிய இடம். மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் நெற்றியில் ஒரு வரம்பு வெட்டியிருக்கிறார்கள். அதன் கீழே பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி. அதை அதுவரை யாரும் படியெடுத்ததில்லை. பாறையைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் அடித்தேன். இனி காய வேண்டும்; பிறகு உரித்தால் எழுத்து அப்படியே தாளில் பதிந்திருக்கும். கூட வந்த தொல்லியல் திணைக்கள அதிகாரி தண்ணீர் எடுக்கக் கீழே புத்த விகாரைக்கு இறங்கினார்.

அப்போது வந்தார்கள், புதையல் தோண்டுகிற இரண்டு பேர். ஒருவன் கையில் சேவல், மற்றவன் கையில் பாறை பெயர்க்கிற இரும்புக் கம்பி, அலவாங்கு. முதலாமவன் சேவலின் கழுத்தை அறுத்து, புதையல் காக்கிற பூதத்துக்குப் பலியாக வாசலில் இரத்தம் தெளித்தான். அலவாங்குக்காரன் என் கொண்டையைப் பிடித்து முகத்தைப் பாறையில் மோதினான்.

"என்ன எழுதியிருக்கு? படி!"

மூக்கிலிருந்து இரத்தம் வழிய, படித்தேன். ஒரு தலைவன் இந்தக் குகையைப் பிக்குகளின் சங்கத்துக்குக் கொடுத்தான், வந்தவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும்.

"என்னத்த குடுத்தான்?"

"குகைய."

"குகைய எவன்டி குடுப்பான்? வெறுங்கல்லக் குடுக்க அவனுக்கென்ன பைத்தியமா? பொன்னு எங்க?"

"பொன்னுன்னு எழுதல. குகையத்தான் குடுத்திருக்கான்."

"பேச்சக் கேட்டாலே தெரியுது, தோட்டத்துப் புள்ள, இவளுக்கு இதெல்லாம் தெரியுமாக்கும்! பொய் சொல்றா மச்சான். எழுத்துக்குப் பின்னாலதான் வச்சிருக்கான்," என்றான் சேவல்காரன்.

கொடுத்தான் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது அவர்களுக்கு. அலவாங்குக்காரன் எழுத்தைப் பார்த்து ஓங்கினான். பாறை உடைந்தால் அந்த வரி உலகத்தில் எங்குமே இராது. அரை ஈரத்தில் இருந்த தாளை உரித்து, வயிற்றுக்கடியில் வைத்துக் கவிழ்ந்து விழுந்தேன். முதுகில் உதை விழுந்தது. பிறகும் உதைத்தான். இடது கையில் அலவாங்கு இறங்கியது. எலும்பு முறிகிற சத்தத்தை நானே கேட்டேன். அதன் பிறகுதான் பாறையை அடித்தான். கல்சில்லு என் புருவத்தைக் கிழித்தது.

என் அலறல் கேட்டு அதிகாரி ஊராட்களோடு ஓடிவந்தார். மண்வெட்டிப் பிடியால் அவர்கள் அடித்த அடியில் அலவாங்குக்காரனின் பல் தெறித்தது. மற்றவன் சேவலைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடினான்.

பாறையில் பாதி வரி போய்விட்டது. கசங்கிய தாளில் முழுவதும் இருக்கிறது, கொடுத்தான் என்ற சொல்லின் மேல் என் இரத்தக்கறையோடு. இனி அந்த வரிக்குச் சாட்சி அந்தத் தாள்தான்.

கண்டி ஆஸ்பத்திரிக்கு மாமா பார்க்க வந்தார். கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னமும் போவியாடி?"

அதே மலையில், இன்னும் உயரத்தில், இரண்டாவது குகை ஒன்று உண்டு. கட்டு அவிழ்க்குமுன்பே இன்று காலை அங்கே ஏறி, வலது கையால் பாறையைக் கழுவினேன். ஈரத்தாள் ஒட்டியாகிவிட்டது. அது காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.