வெள்ளிக்கிழமை கையெழுத்து

எங்கள் அத்தை என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அப்பா, "காலேஜ்ல இருக்கா" என்று சொல்லிவிட்டு உடனே பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். மாண்ட்ரியாலில் இது ஒரு வசதி. வருஷத்தில் ஐந்து மாதம் பேசுவதற்குப் பனி இருக்கும். கேட்டவர் விடாக்கண்டனாக இருந்து, "காலேஜ்ல என்னவா?" என்று குடைந்தால்தான் உண்மை வெளியே வரும். அத்தை பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அசிஸ்டென்ட் கோச்.

அப்பா விமானம் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அவருடைய ஒரே தங்கை இந்த அத்தை. மெட்ராஸில் படித்த காலத்தில் மாநில அணிக்கு ஆடியவள். மேல்படிப்புக்கு என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தாள். படிப்பு முடிந்தது. அவள் மட்டும் அணியோடு ஒட்டிக்கொண்டு நாலு வருஷமாக அங்கேயே இருந்தாள்.

அசிஸ்டென்ட் கோச் என்ன செய்வார் என்று எங்கள் தமிழ்க் குடும்பங்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பதினைந்து பெண்களின் கணுக்காலில் டேப் சுற்றுவார். வேன் ஓட்டுவார். வியர்த்த சட்டைகளைத் துவைக்கப் போடுவார். தன் அணிக்கு ஆட்டம் இல்லாத நாட்களில் எதிரணிகளின் ஆட்டத்தைப் போய் உட்கார்ந்து பார்ப்பார். எந்தப் பெண் எந்த இடத்திலிருந்து பந்தைப் போட்டாள், விழுந்ததா இல்லையா என்று ஒரு தாளில் வட்டமும் பெருக்கல் குறியுமாகப் போட்டுக்கொண்டு வருவார். ஜெயித்தால் பேப்பரில் ஹெட் கோச்சின் படம் வரும். தோற்றாலும் அவர் படம்தான் வரும்.

அத்தையை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இது எதுவுமில்லை. சனிக்கிழமை காலையில் கராஜுக்கு முன்னால் இருக்கும் பனியை வாரிக் கொட்டிவிட்டு அவள் என்னோடு ஒற்றைக்கு ஒற்றை ஆடுவாள். சின்னப் பெண்தானே என்று ஒரு நாள்கூட விட்டுக்கொடுத்ததில்லை. இருபத்தொன்றுக்குப் பூஜ்யம். அடுத்த வாரமும் இருபத்தொன்றுக்குப் பூஜ்யம். எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் என்னை ஒன்பது வயதுக் குழந்தையாக நடத்தினார்கள். அவள் ஒருத்திதான் என்னை எதிரியாக மதித்தாள்.

மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்த அந்தக் குளிர்காலத்தில் ஹெட் கோச் அம்மாள் தான் ஒன்டாரியோவுக்குப் போவதாக அறிவித்தார். சீசன் முடிந்ததும் போகிறார். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அத்தை அதைச் சொன்னதும் அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

"அப்ப நீதான் ஹெட்!"

"அப்படியெல்லாம் இல்லண்ணா."

"என்ன இல்ல? நாலு வருஷ சர்வீஸ். ஒரு ரிமார்க் கிடையாது. உனக்கு மேல அந்தம்மா. அந்தம்மா போனா நீ. இதுல என்ன குழப்பம்?"

எங்கள் தாத்தா திருச்சி கலெக்டர் ஆபீசில் கடைசி கிளார்க்காகச் சேர்ந்து, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே ஹெட் கிளார்க் ஆனவர். உலகத்தில் எல்லா வேலையும் அப்படித்தான் என்பது அப்பாவின் முடிவு. முன்னால் இருப்பவர் நகர்ந்தால் பின்னால் இருப்பவர் நகர வேண்டும். பொறுமையாக உட்கார்ந்திருப்பதுதான் திறமை.

"அண்ணா, இது தாலுகா ஆபீஸ் இல்ல" என்றாள் அத்தை. "ஹெட் போனா அசிஸ்டென்ட்டும் பெட்டியைக் கட்டணும். புதுசா வர்றவங்க அவங்க ஆளைக் கூட்டிட்டு வருவாங்க."

"நீ என்ன தப்பு பண்ணே, உன்னைத் தூக்குறதுக்கு?"

"தப்பே பண்ண வேணாம். இந்தம்மா மட்டும் எப்படி வந்தாங்க? ஒரு ஊர்ல அசிஸ்டென்ட், அப்புறம் இன்னொரு ஊர்ல அசிஸ்டென்ட், அப்புறம் ஒரு பொட்டல்ல சின்ன டீமுக்கு ஹெட். அதுக்கப்புறம்தான் இங்க. இருக்கற இடத்துலயே இருந்தா கடைசி வரைக்கும் டேப்தான் சுத்தணும்."

அப்பா இதை நம்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கும் டாக்டர் மாமாவும் மாமியும் வீட்டுக்கு வந்தபோது அம்மாவைக் கேசரி கிளறச் சொன்னார். "ஆர்டர் இன்னும் கைக்கு வரல, ஆனா வந்த மாதிரிதான்" என்று அவரே கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். "ஹெட் ஆயிட்டா பந்தை வேற யாராவது தூக்குவாங்க இல்ல?" என்று மாமா கேட்டார். "மாப்பிள்ளை பாக்கறதும் சுலபமாயிடும்" என்றாள் மாமி. அத்தை கேசரியைச் சாப்பிட்டாள், கிண்ணத்தைக் கழுவினாள், மாடிக்குப் போய் டைப்ரைட்டரைத் திறந்தாள்.

நானும் அவளும் ஒரே அறை. அவள் அடித்த கடிதங்களின் விலாசங்களைப் படித்தேன். ஒன்றுகூட நம் ஊர் இல்லை. ஸ்கூல் அட்லஸை எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மிகப் பக்கத்தில் இருந்த ஊரே என் சுண்டுவிரல் நீளத்துக்குத் தள்ளி இருந்தது. அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அத்தை எங்கேயும் போகக் கூடாது. போகமாட்டாள். நான் விடமாட்டேன்.

ஒன்பது வயதில் நான் பெரிய கெட்டிக்காரி. என்னைத் தவிர யாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். கடிதங்களைத் தபாலில் போடுகிறேன் என்று வாங்கி ஒளித்துவைக்கலாமா என்று பார்த்தேன். அத்தை யாரையும் நம்பாமல் தானே போய்ப் போட்டுவிட்டு வந்தாள். சரி, போனது போகட்டும், வருவதைத் தடுப்போம். வருவது டெலிபோன் வழியாக வரும் என்று கணக்குப் போட்டேன். செவ்வாயும் வியாழனும் அம்மா பிரெஞ்சு வகுப்புக்குப் போவாள். அத்தை பயிற்சியில் இருப்பாள். அப்பா வர ஆறு மணி. ஸ்கூல் பஸ் என்னை இறக்கிவிட்ட நேரத்திலிருந்து அம்மா வரும்வரை சமையலறைச் சுவரில் இருந்த அந்தக் கறுப்பு டெலிபோன் என் ஆட்சியில் இருந்தது.

முதல் வாரம் ஒரு செக்ரட்டரி பேசினாள். அங்கே இடம் நிரம்பிவிட்டதாம், வருத்தமாம். நான் மனசார "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னேன். இரண்டாவது வாரம் வியாழக்கிழமை ஓர் ஆள் பேசினார். கிழக்கே நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஒரு சின்ன ஊர், ஒரு சின்னக் கல்லூரி, அங்கே விளையாட்டுத் துறைக்கு அவர்தான் தலைவர். கடிதம் கிடைத்தது, பெண்கள் அணிக்கு ஓர் அசிஸ்டென்ட் கோச் வேண்டும், அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன்.

ஆங்கிலத்தில்தான் பேசினோம். எவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே மரியாதை வருகிறது. அத்தை உங்கள் ஊருக்கு வரமாட்டாள், அவளுக்கு அசிஸ்டென்ட் வேலை தேவையில்லை, இங்கேயே ஹெட் ஆகிவிட்டாள் என்றேன். முழுப் பொய்யும் இல்லை, கேசரி சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பக்கம் அமைதியாக இருந்ததால் போதவில்லையோ என்று தோன்றியது. ஜிம்மின் சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். பொய்க்கு ஒரு கிழமை இருந்தால் கெட்டியாக இருக்கும் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றும் சொன்னேன்.

"நாளைக்கா?" என்றார்.

"நாளைக்கே."

அவர் போனை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அணிப் பெண்களுக்கு அவளைப் பிடிக்குமா என்று கேட்டார். இந்த ஆளுக்கு எட்டாத உயரத்தில் அத்தையைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் தொல்லை விட்டது என்று எனக்குப் பட்டது. அதனால் மூச்சுவிடாமல் சொன்னேன். போன மாதம் எங்களை எப்போதும் தோற்கடிக்கும் அணியை ஜெயித்தோம். அவர்களுடைய பன்னிரண்டாம் நம்பர் பெண், அவ்வளவு உயரம், அவளுக்கு இடது பக்கம் திரும்பவே வராது. அதைக் கண்டுபிடித்தது அத்தை. மூன்று ஆட்டங்கள் பனியில் தனியாக வண்டி ஓட்டிப் போய்ப் பார்த்தாள். அவளை இடது பக்கமே தள்ளுங்கள் என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பேப்பரில் மட்டும் ஹெட் கோச் படம்தான் போட்டார்கள். இத்தனையும் சொல்லிவிட்டு, ஆகவே அவள் கிடைக்கமாட்டாள் என்று முடித்தேன். அவர் நன்றி சொன்னார். நான் பிஸ்கட் சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் அத்தை வெளியே பனி வாரிக்கொண்டிருந்தாள். நான் ஒரு பூட்ஸை மாட்டி இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அப்பா எடுத்தார். அவர் "எஸ்... எஸ்..." என்று சொல்லச் சொல்ல முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு நம்பரைக் குறித்துக்கொண்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெண் வீட்டுக்காரர்கள் சொல்வதைப் போலவே இருந்தது. போனை வைத்துவிட்டு ஜன்னலைத் தட்டி அத்தையை உள்ளே கூப்பிட்டார்.

"நியூ பிரன்ஸ்விக்காம். ஹெட் கோச்சா வரச் சொல்றாங்கம்மா. ஹெட்!"

அத்தை கையுறையைக் கழற்றவில்லை. "நான் அசிஸ்டென்ட்டுக்குத்தானே எழுதியிருந்தேன்?"

"அதான் எனக்கும் புரியல. அப்புறம் சிரிச்சிக்கிட்டே கேக்கறாரு, வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆயிடுச்சான்னு. எந்தக் கையெழுத்து? என்ன வெள்ளிக்கிழமை?"

நான் இரண்டாவது பூட்ஸை மிகத் தீவிரமாகத் தேடினேன். அம்மாதான் முதலில் என் பக்கம் திரும்பினாள். "ஏய். இங்க பாரு. என்னடீ பண்ணே?"

சொன்னேன். அம்மா, "அடிப்பாவி!" என்றாள். அப்பா உட்கார்ந்துவிட்டார். அத்தை மட்டும் எனக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "வேற என்ன சொன்னே? ஒண்ணு விடாம சொல்லு" என்றாள். சாவி, கையெழுத்து, பன்னிரண்டாம் நம்பர், எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் எழுந்து நேராக டெலிபோனிடம் போனாள்.

அப்பா குறுக்கே வந்து நின்றார். "இரும்மா. எதுக்கு அவசரப்பட்டுப் போட்டு உடைக்கணும்? கல்யாணப் பேச்சுலகூட வேற எடம் வந்திருக்குன்னு சொன்னாத்தான் இந்த எடம் சீக்கிரம் முடியும். அது தானா அமைஞ்சிருக்கு."

"அண்ணா, நகருங்க."

"போயிடும்மா. கைக்கு வந்தது போயிடும்."

"போனா போகட்டும். அங்க போய் முதல் நாளே மாட்டிக்கிட்டா அதுக்கப்புறம் எந்த ஊர்லயும் நிக்க முடியாது. நகருங்க."

அப்பா நகர்ந்தார். அத்தையின் பூட்ஸிலிருந்து பனி உருகிச் சமையலறைத் தரையில் குளமாகத் தேங்கியது. அம்மா அதைத் துடைக்கக்கூடத் துணி எடுக்கவில்லை. அத்தை அந்த ஆளிடம் நின்றபடியே சொன்னாள். எனக்கு யாரும் சாவி கொடுக்கவில்லை. கையெழுத்து எதுவும் இல்லை. இங்கே என்னை ஹெட் ஆக்கவும் போவதில்லை. உங்களிடம் பேசியது ஒன்பது வயதுக் குழந்தை. என்னால் செய்ய முடியும், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அந்தப் பக்கம் அவர் ரொம்ப நேரம் பேசினார். அத்தையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டத்தின் கடைசி நிமிஷத்திலும் அவள் முகம் அப்படித்தான் இருக்கும். எனக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை. போய்விட்டது, தப்பித்தோம். பிறகு அத்தை, "ஓகே. எஸ். ஐ வில்" என்று சொல்லிவிட்டுப் போனை மாட்டினாள்.

"அவருக்கு முன்னாடியே தெரியுமாம்."

வியாழக்கிழமை என்னிடம் பேசி முடித்த கையோடு அவர் எங்கள் ஹெட் கோச் அம்மாளை அழைத்திருக்கிறார். அந்த அம்மாள், கையெழுத்துமில்லை, சாவியுமில்லை, இந்தக் கல்லூரி வெளியிலிருந்துதான் ஆள் தேடுகிறது என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அரை மணி நேரம் அத்தையைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார். நியூ பிரன்ஸ்விக் கல்லூரியில் வேறு யாரையோ ஹெட்டாகக் கொண்டுவந்து அத்தையை அவருக்குக் கீழே வைப்பதாக இருந்தார்களாம். இப்போது மாற்றிக்கொண்டார்கள்.

"குழந்தை சாவி விஷயத்துல பொய் சொல்லியிருக்கு, பன்னிரண்டாம் நம்பர் விஷயத்துல சரியா சொல்லியிருக்குன்னாரு" என்றாள் அத்தை.

அப்பா என் தலையில் தட்டி, "எல்லாம் உன்னாலதான்டீ!" என்றார். அவர் குரலில் இருந்தது பெருமை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குக் குற்றச்சாட்டாகத்தான் கேட்டது. நான் மாடிக்கு ஓடிக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டேன். அத்தை வந்து கூப்பிட்டாள். அன்றைக்கும் ஆடினோம். இருபத்தொன்றுக்குப் பூஜ்யம்.

கோடையில் எங்கள் ஊர்க் கல்லூரிக்குப் புது ஹெட் கோச் வந்தார். கூடவே அவருடைய பழைய அணியிலிருந்து இரண்டு அசிஸ்டென்ட்கள் வந்தார்கள். "இந்த நாட்டுல ஒரு சீனியாரிட்டி லிஸ்ட்கூடக் கிடையாதா?" என்று அப்பா ஒரு வாரம் பொருமினார். பிறகு டாக்டர் மாமாவுக்கு அவரே போன் செய்து, "தங்கச்சி ஹெட்டா போறா" என்றார். பனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஆகஸ்ட் மாதம் என்பதும் ஒரு காரணம்.

அதே மாதக் கடைசியில் பஸ் ஏற்றிவிடப் போனோம். நான் பேசுவதில்லை என்ற விரதத்தில் இருந்தேன். அம்மா புளியோதரைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அழுதாள். அப்பா, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று நாலு தடவை சொன்னார். அத்தை என் தலையைக் கலைக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்குக் கொடுப்பதைப் போல எனக்குக் கை கொடுத்தாள். என்மேல் இன்னும் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

பஸ் கிளம்பியது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு ஒரு தடவை கையை ஆட்டிவிட்டு நிமிர்ந்து முன்பக்கம் பார்த்தாள். அப்போது அவள் சிரித்தாள். இத்தனை வருஷம் ஒரே அறையில் இருந்தும் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது நிச்சயம். வேறு யாரோ வந்து நிற்கிறார்கள், அவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து அவள் பார்த்த பக்கம் எட்டிப் பார்த்தேன். சாலைதான் இருந்தது.