வசந்தா மேடம் விழுந்து சாகவில்லை

வசந்தா மேடம் போய்விட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே. ஹார்ட் அட்டாக்காம்... எழுபத்திரண்டு வயது.

ரிட்டயர் ஆகும்வரை, திருவண்ணாமலை வேங்கிக்கால் ஆபீஸில் பதினோரு வருஷம் எனக்குப் பக்கத்து சீட்.

சாவு வீட்டு வாசலில் ஒரு உறவுக்காரர், "இந்த வயசுல வாக்கிங் வேணாம், எங்கனா விழுந்துடுவீங்கன்னு எவ்ளோ சொன்னோம்... கேட்டாத்தானே" என்றார்.

"அவங்க விழுந்து சாகலீங்க. நேத்துகூட அடி அண்ணாமலை வரைக்கும் நடந்துட்டு வந்தாங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

மேடம் விழுந்தது ஒரே தடவை. மூன்று வருஷத்துக்கு முன்னால், பாத்ரூமில் வழுக்கி. வலது மணிக்கட்டு உடைந்தது. நான் பார்க்கப் போனபோது மகன் கெஞ்சிக்கொண்டிருந்தார். "இனிமே எங்கயும் போவாதம்மா. வீட்லயே இரு."

"நான் வழுக்குனது வீட்லதான்டா. ரோட்ல இல்ல. மொதல்ல பாத்ரூம சரி பண்ணு."

அந்த வாரமே சொரசொரப்பான டைல்ஸ், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, நல்ல வெளிச்சமாக ஒரு லைட். தேய்ந்த செருப்பைத் தானே குப்பையில் போட்டார். மூக்குக் கண்ணாடியையும் மாற்றினார்.

கட்டுப் பிரித்ததும் பிசியோதெரபி. ஒருநாள் பென்ஷன் விஷயமாக ஆபீஸுக்கு வந்தவர், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்து காட்டினார். "நீ பண்ணு, பாக்கலாம்."

ஏழாவது தடவை நான் மேஜையைப் பிடித்துவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு!

"வயசு கம்மி, மூச்சு வாங்குறது ஜாஸ்தி" என்றார். செக்‌ஷனே சிரித்தது.

அப்புறம் அந்த டீக்கடை... கிரிவலப் பாதையில், கிளாஸ் கழுவிய தண்ணீரை ஆட்கள் நடக்கிற இடத்திலேயே ஊற்றுவார் கடைக்காரர். "கொஞ்சம் சுத்திப் போங்கம்மா" என்றார்.

"நான் ஏன் சுத்திப் போவணும்? எவ்ளோ வயசானவங்க நடக்கற இடம். யாராவது இடுப்ப ஒடச்சிக்கிட்டா நீங்களா தூக்கி விடுவீங்க? அந்தப் பக்கம் ஊத்துங்க."

அவர் ஏதோ முனகினார். மேடம் மறுநாளும் போய் நின்றார். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் தரை காய்ந்திருந்தது.

நேற்றுக் காலை எனக்கு ஃபோன் செய்தார். "கெளம்பிட்டேன். வரியா?"

படுக்கையில் இருந்தேன். "நாளைக்கு வரேன் மேடம்" என்றேன்.

...

போய் வாருங்கள் மேடம். மெதுவாகப் போங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.